இரண்டு சேர்வர்களும் சேர்ந்து சொன்ன பொய்

பிள்ளைகள், நீங்கள் அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். மன்னார்க் கந்தோரில் ஒரு டைம் சேர்வர், விடத்தல்தீவு அறையில் ஒரு டைம் சேர்வர், இரண்டுக்கும் நடுவில் ஒரு பச்சைக் கோடு. "ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ சேர்" என்று கீழே மரியாதையாக எழுதியிருந்தீர்கள். அது என்னுடைய படம். அலுவலகத்து அலுமாரியில் கிடந்த என் பழைய கோப்பிலிருந்து எடுத்து, நிறம் தீட்டி, எனக்கே அனுப்பியிருக்கிறீர்கள். மூலையில் நான் விட்ட எழுத்துப்பிழை கூட அப்படியே இருக்கிறது!

சிவப்புப் பேனையால் இரண்டு கோடு கிழித்துத் திருப்பி அனுப்பியிருக்கலாம். அது போதாது. ஜெசிந்தாவின் விஷயம் என்று நீங்கள் தேத்தண்ணிக் கடையில் ஏதோ கேள்விப்பட்டிருப்பீர்கள். கேட்டதில் பாதி பிழையாக இருக்கும். சரியான பாதியைச் சொல்லக்கூடியவன் நான்தான், ஏனென்றால் பிழை செய்தவன் நான்.

உங்களில் நேற்றுச் சேர்ந்தவர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடற்றொழிலாளர் சமாசத்தின் படகுகளில் சின்னப் பெட்டி ஒன்று பூட்டியிருக்கும். கடலில் ஆபத்தென்றால் படகோட்டி அதன் பொத்தானை அமத்துவான். படகு நிற்கும் இடமும் நேரமும் விடத்தல்தீவு அறையின் திரையில் விழும். அந்த நேரம் பெட்டி தானே செய்மதியிலிருந்து எடுக்கும் நேரம், அதில் பிழை வராது. அறையில் இருப்பவர் கடற்படை முகாமுக்கும் கிட்ட நிற்கும் படகுகளுக்கும் அறிவித்துவிட்டு, "அறிவித்தாயிற்று" என்று கணினியில் ஒரு பொத்தானைத் தட்டுவார். அந்த நேரத்தைக் கணினி பதியும். கணினிக்கு நேரம் சொல்வது டைம் சேர்வர். மன்னார்க் கந்தோரில் அதே பதிவின் பிரதி ஒன்று அங்குள்ள சேர்வரின் நேரத்தோடு விழும்.

இரண்டு சேர்வருக்கும் கூரையில் அன்ரெனா போட்டு, செய்மதியிலிருந்து நேரம் எடுக்கும்படி வைத்தேன். செய்மதி கிடைக்காவிட்டால் இணையத்தைக் கேட்கும். இணையமும் இல்லாவிட்டால் எங்கள் சொந்த வானொலி இணைப்பால் ஒன்று மற்றதைக் கேட்கும். அதுதான் நீங்கள் போட்ட பச்சைக் கோடு. ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும் என்று சமாசத்தின் கூட்டத்தில் சொன்னேன், எல்லாரும் கை தட்டினார்கள். நானும் அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

பிறகு அந்த மின்வெட்டுக் காலம் வந்தது. எண்ணெய்க்கு வரிசை, காஸுக்கு வரிசை, கறன்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று கடவுளுக்கும் தெரியாது. மன்னாரில் அன்ரெனாவின் இணைப்பை உப்புக் காற்று தின்றுவிட்டது. விடத்தல்தீவில் அன்ரெனா வயரைக் காகங்கள் கொத்தித் தீர்த்துவிட்டன. மீனைக் காயப் போட்ட இடத்துக்கு மேலே அன்ரெனாவைப் பூட்டிய புத்திசாலியும் நான்தான். புதுச் சாமான் கேட்டு எழுதினேன். நாட்டுக்குள் பால்மாவே வராத காலத்தில் அன்ரெனா எங்கிருந்து வரும்? இணையம் இருக்கிறதே, சமாளிக்கலாம் என்று விட்டுவிட்டேன். அந்தக் கிழமை இணையமும் விழுந்தது.

விடத்தல்தீவு சேர்வருக்குள் நேரத்தை நினைவில் வைக்கும் சின்ன பற்றரி ஒன்று உண்டு. அது செத்துப்போனது. அதற்குப் பிறகு கறன்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேர்வர் எத்தனையோ வருடத்துக்கு முந்திய திகதியோடு கண் விழிக்கும், அவ்வளவு தூர வித்தியாசத்தில் பச்சைக் கோடும் வேலை செய்யாது. புதுப் பற்றரி ஒன்றோடு அதைச் சரிக்கட்ட நான் பஸ் ஏறிப் போனேன்.

அந்த அறை கத்தோலிக்கக் கோயில் மண்டபத்துக்குப் பின்பக்கம் ஒட்டியிருக்கிறது. அங்கே ஜெசிந்தா இருந்தாள். அவளையும் அவளுடைய அக்கா ரீற்றாவையும் பற்றிச் சொல்லவேண்டும். இரண்டு பேரும் அக்கரையில், தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவர்கள். சண்டை முடிந்த பிறகு தாய் தகப்பனோடு திரும்பி வந்தவர்கள். தாய் தகப்பன் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ரீற்றா விடத்தல்தீவில் சவிரி என்ற மீன்பிடிகாரனைக் கல்யாணம் செய்தாள். ஜெசிந்தா அவர்களோடுதான் இருந்தாள். முகாமில் கணினி படித்த பிள்ளை. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கதைப்பது மட்டும் மெதுவாகக் கதைப்பாள். ஒரு வசனத்தைத் தொடங்கினால் இரண்டு தரம் விழுங்கிவிட்டுத்தான் முடிப்பாள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

முதல் நாள் பின்னேரம் போன கறன்ட் அன்று பதினொரு மணிபோல வந்தது. சேர்வர் பழைய திகதியோடு எழும்பியது. என் போன் செத்துக் கிடந்தது. ஜெசிந்தாவின் போனும் அப்படித்தான். நான் கையில் மணிக்கூடு கட்டுவதில்லை. திரும்பிப் போக ஒரே ஒரு பஸ், அதையும் விட்டால் இரவுக்கு விடத்தல்தீவில்தான் படுக்கவேண்டும். திறந்திருந்த கதவுக்குள்ளால் மண்டபத்துச் சுவரில் பெரிய மணிக்கூடு தெரிந்தது. அதைப் பார்த்து நேரத்தை வைத்தேன். கையால் வைத்த நேரம், செய்மதியோ இணையமோ வரும்வரை, மற்ற சேர்வரின் பேச்சைக் கேட்காமல் அப்படியே நிற்கும்.

ஜெசிந்தா பின்னால் நின்று, "சேர், அந்த மணிக்கூடு..." என்று தொடங்கினாள்.

"பிள்ளை, எனக்கு பஸ் போகப் போகுது. உன்ர கதையைப் பிறகு கேக்கிறன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

சந்தியில் நின்று பார்த்தால் பஸ் இல்லை. வெயிலில் காய்ந்துகொண்டு நின்றேன். கடைசியில் வந்த பஸ்ஸில் ஏறும்போதே நடத்துனரைப் பிடித்து ஏசினேன். "ஐயா, நாங்கள் சரியான நேரத்துக்குத்தான் வந்தனாங்கள்" என்றான் அவன். "எனக்கு நேரம் படிப்பிக்கிறியோ? நான் நேரத்துக்கே சேர்வர் வைக்கிற ஆள்" என்று சொல்லி, பஸ்ஸில் இருந்த நாலு பேரைச் சிரிக்கவைத்துவிட்டு உட்கார்ந்தேன். அந்தப் பெடியன் சொன்னதைக் கொஞ்சம் காதில் போட்டிருந்தால் இன்றைக்கு இதை எழுத வேண்டி வந்திராது.

மன்னார்ச் சேர்வரும் விடத்தல்தீவுச் சேர்வரும் வேறு வேறு நேரம் சொன்னால் ஒரு அலாரம் அடிக்கும். நான் கந்தோருக்கு வந்தபோது அது அடித்துக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் கறன்ட் போனாலும் அடிக்கும், வந்தாலும் அடிக்கும், சும்மா இருந்தாலும் அடிக்கும். காது புளித்துப்போய் நிற்பாட்டிவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு காலையில் மன்னார்ச் சேர்வரும் விழுந்து எழும்பியது. செய்மதி இல்லை, இணையம் இல்லை. நான் சொல்லிக்கொடுத்தபடியே அது பச்சைக் கோட்டால் மற்றதைக் கேட்டது. மற்றது சொன்ன நேரத்தை எடுத்துக்கொண்டது.

அன்று பின்னேரம்தான் சவிரியின் படகு போனது.

மேற்கிலிருந்து கச்சான் காற்று திடீரென்று அடித்தது. சவிரி தனியாகப் போயிருந்தான். பெட்டியிலிருந்து செய்தி வந்த நேரம் மூன்று பன்னிரண்டு. ஜெசிந்தாவின் திரையில் அத்தானின் படகுப் பெயர் விழுந்தது. அவள் கடற்படை முகாமுக்குப் போன் அடித்தாள், வானொலிக் கருவியில் இரண்டு படகுகளைக் கூப்பிட்டாள், "அறிவித்தாயிற்று" என்று தட்டினாள். படகுகள் இருட்டும்வரை தேடின. கவிழ்ந்த படகை எடுத்தார்கள். மறுநாள் இலுப்பைக்கடவைப் பக்கம் சவிரி கரையொதுங்கினான்.

அடக்கத்துக்கு நானும் போனேன். ரீற்றாவைப் பிடித்துக்கொண்டு நின்றது ஜெசிந்தாதான். அன்றைக்கு ஒருவரும் ஒருவரையும் குறை சொல்லவில்லை.

சமாசம் அறிக்கை கேட்டது. நான் தாளை அச்செடுத்தேன். செய்தி: மூன்று பன்னிரண்டு. அறிவித்தது: மூன்று முப்பத்து நாலு. இடையில் இருபத்திரண்டு நிமிடம். செய்தி அறைக்கு எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது என்பதைத் தனியாகப் பதிய நான் வசதி வைக்கவில்லை, பெட்டி சொல்லும் நேரமே போதும் என்பது என் எண்ணம். மன்னார்ப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். அங்கும் மூன்று முப்பத்து நாலு. இரண்டு சேர்வரின் நேரத்தையும் என் போனோடு ஒப்பிட்டேன். விநாடிக்கு விநாடி சரி. ஏன் சரி தெரியுமா? சவிரி போன மறுநாளே இணையம் வந்துவிட்டது. இரண்டும் இணையத்தைக் கேட்டுச் சத்தமில்லாமல் தங்களைத் திருத்திக்கொண்டன. நான் பார்த்தது திருந்திய பிறகு இருந்த நேரத்தை. பதிவிலும் அந்த ஒரு பின்னேரத்து வரிகளை மட்டும் பார்த்தேன், மறுநாளுக்குத் தாளைப் புரட்டவில்லை.

விசாரணை கந்தோரில் நடந்தது. சமாசத் தலைவர், கோயில் பாதர், நிர்வாகத்தில் இரண்டு பேர், நான். கறுப்புச் சீலையோடு ரீற்றா ஒரு கதிரையில். ஜெசிந்தா அவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

நான் தாளை வாசித்தேன். ரீற்றா மெதுவாக எழும்பித் தங்கச்சியைப் பார்த்தாள்.

"இருவத்திரெண்டு நிமிஷம் என்னடி செய்தனி? என்ர மனுசன் தண்ணிக்குள்ள கிடந்து கத்த, நீ அங்கை என்னடி செய்தனி?"

"அக்கா, நான் உடனே சொன்னனான். ஆண்டவராணை உடனே சொன்னனான்." ஜெசிந்தா என் பக்கம் திரும்பினாள். "சேர், நான் கதிரையை விட்டு எழும்பவும் இல்லை. நீங்கள் சொல்லுங்கோ சேர்."

சொன்னேன். என்ன சொன்னேன் என்று கேளுங்கள்.

"பிள்ளை, மெஷினுக்கு உன்னோடை என்ன கோவம்? ஒரு சேர்வர் சொன்னால் பிழை எண்டு சொல்லலாம். ரெண்டும் ஒண்டைத்தானே சொல்லுது."

அவள் இரண்டு தரம் எச்சில் விழுங்கினாள். இந்த முறை நாங்கள் எல்லாரும் பொறுமையாகக் காத்திருந்தோம்.

"அப்பிடியெண்டால் எனக்குத் தெரியேல்லை சேர். அத்தான்ர பேரைக் கண்டதும் பதறிப் போனனான். உடனே அடிச்சன் எண்டுதான் எனக்கு நினைவு. ஒருவேளை... ஒருவேளை விறைச்சுப்போய் இருந்திட்டனோ தெரியாது."

அந்த "ஒருவேளை"யைத்தான் நான் இன்றுவரை விழுங்க முடியாமல் இருக்கிறேன். அவளுடைய கை செய்த வேலையை அவளே நம்பாதபடி செய்துவிட்டேன். என் படிப்பு, என் அனுபவம், என் இரண்டு சேர்வர் எல்லாம் சேர்ந்து ஒரு பெண்ணின் ஞாபகத்தை அடித்து விழுத்தின. கடற்படை முகாமுக்கு ஒரு போன் எடுத்து, எத்தனை மணிக்கு அறிவித்தல் வந்தது என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சேர்வரே சொல்லிவிட்டதே!

அவளை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். ரீற்றா அவளுடைய உடுப்புப் பெட்டியை வாசலில் வைத்துக் கதவைச் சாத்தினாள். ஜெசிந்தா கோயிலடியில் தனியாக இருந்த ஒரு ரீச்சர் அம்மாவின் வீட்டில் தங்கினாள். பூசையில் அவள் உட்காரும் வாங்கில் வேறு ஆட்கள் உட்காருவதில்லை என்று கேள்விப்பட்டேன். பாவம் என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

இரண்டு மாதத்தால் அன்ரெனாக்கள் வந்தன. பூட்டுவதற்கு விடத்தல்தீவு போனேன். அன்று கறன்ட் இருந்தது, போனும் உயிரோடு இருந்தது. வேலை முடித்து மண்டபத்தால் வெளிக்கிடும்போது சுவரைப் பார்த்தேன், போனைப் பார்த்தேன். கோயில் மணி அடிக்கிற மனிதர் அங்கே வாங்குகளைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, உங்கடை மணிக்கூடு பிழையாய் ஓடுதே?"

அவர் சிரித்தார். "பிழை இல்லைத் தம்பி. இருவது நிமிஷம் முந்தித்தான் வைக்கிறது. இல்லாட்டி எங்கடை சனம் நற்செய்தி வாசிக்கேக்கைதான் பூசைக்கு வரும். இஞ்சை எல்லாருக்கும் தெரியும், பாத்திட்டு இருவதைக் கழிச்சுப்போடுவினம்."

அந்த வாங்கிலேயே இருந்துவிட்டேன். "சேர், அந்த மணிக்கூடு..." அவள் சொல்ல வந்தது இதைத்தான். மணிக்கூட்டைப் பார்த்து நான் வைத்த நேரத்துக்கும் தன் மேல் விழுந்த பழிக்கும் தொடர்பு இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அது தெரிந்திருக்க வேண்டியவன் நான். நான் கேட்கவில்லை, நினைவிலும் வைக்கவில்லை.

கந்தோருக்கு ஓடிவந்து பதிவைத் திறந்தேன். சவிரி போன மறுநாள் காலையில், இணையம் வந்த நிமிடத்தில், ஒரேயொரு வரி. நேரம் இருபது நிமிடம் பின்னுக்குத் தள்ளப்பட்டது என்று சேர்வர் ஒப்புதல் வாக்குமூலம் போல எழுதி வைத்திருந்தது. மன்னார்ச் சேர்வரிலும் அதே வரி. முப்பத்து நாலில் இருபது போனால் பதினாலு. ஜெசிந்தா அறிவித்தது மூன்று பதினாலுக்கு. இரண்டே இரண்டு நிமிடம்.

பிள்ளைகள், இதுவரை சொன்னது பிழை. பிழை எல்லாருக்கும் வரும். இனிச் சொல்லப்போவது பாவம்.

அந்த வரியைக் கண்ட அன்றே எழும்பிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. ஓய்வு பெற எனக்குச் சில மாதம்தான் இருந்தது. நல்ல பேரோடு வெளிக்கிட வேண்டும் என்று ஆசை. பூமாலை, பொன்னாடை, பேச்சு, எல்லாம் கண்ணுக்குள் நின்றது. முதலில் உறுதிப்படுத்த வேண்டும் என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். வரியை அச்செடுத்தேன், கிழித்தேன், திரும்ப அச்செடுத்தேன். சோறு இறங்கவில்லை. மனிசி "உங்களுக்கு என்னப்பா நடந்தது?" என்று கேட்டதற்கு வயிற்றுக் குத்து என்றேன்.

எட்டாம் நாள் கடற்படை முகாமுக்குப் போனேன். வாசலில் இருந்த சிங்களச் சிப்பாய் மரியாதையான பெடியன். பெரிய கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து விரல் வைத்துக் காட்டினான்.

"இங்க பாருங்க மாத்தயா. மூணு பதிமூணு. நான்தான் எடுத்தது. பொம்பளைக் குரல், அழுதுகிட்டே இடத்தைச் சொன்னாங்க. ரெண்டு தரம் சொன்னாங்க, ஒரு பிழையும் இல்ல."

பேனையால் எழுதிய ஒரு வரி. என் சேர்வர் இரண்டுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது ஒரு மணிக்கூடு. விசாரணை நாளில் ஒரு போன் எடுத்திருந்தால் அன்றே கிடைத்திருக்கும்.

ஒன்பதாம் நாள் தலைவரிடம் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "முடிஞ்ச கதையை ஏன் இப்ப கிண்டுறியள்? பென்சனுக்குப் போற ஆள் நீங்கள். செத்தவன் திரும்பி வரப் போறானே?"

"செத்தவனுக்காக வரேல்லை ஐயா. உயிரோடை இருக்கிற பிள்ளைக்காக வந்தனான்" என்று கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு விடத்தல்தீவுக்கு பஸ் ஏறினேன். வழி முழுக்க அவளுக்கு எப்படிச் சொல்வது என்று வசனம் கட்டிக்கொண்டு போனேன்.

ரீச்சர் அம்மா வாசலிலேயே நின்றார். என்னை உள்ளே கூப்பிடவில்லை.

"அவள் போயிட்டாள். முந்தாநாள் படகு ஏறி அக்கரைக்குப் போட்டாள். இப்ப கன குடும்பங்கள் போகுது, அவையோடை சேந்து போட்டாள். இஞ்சை ஆருக்காக இருக்கிறது எண்டு கேட்டாள்."

முந்தாநாள். கணக்குப் பார்க்க எனக்கு ஒரு மெஷினும் தேவைப்படவில்லை. முதல் ஆறு நாளில் எந்த ஒரு நாள் வந்திருந்தாலும் அவளை அந்த வாசலில் கண்டிருப்பேன். இருபத்திரண்டு நிமிடம் பிந்தினாய் என்று அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவன், உண்மை கையில் இருக்க ஒன்பது நாள் பிந்தினேன். இப்படி ஒரு மனிதனை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

ரீற்றாவின் வீட்டுக்குப் போனேன். தாள்களை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸுக்கு ஓடியது, மணிக்கூடு, மறுநாள் வரி, முகாமின் கொப்பி, ஒன்பது நாள், ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் கத்துவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள்.

"அப்ப அவள் பிந்தேல்லை."

"இல்லை."

"அப்ப ஏன் என்ர மனுசன் செத்தவர்?"

"காற்று, ரீற்றா. வேறை காரணம் இல்லை."

"ரெண்டு மாசமாய் அவளைத் திட்டித்தானே நான் நித்திரை கொண்டனான்" என்றாள். "இனி ஆரைத் திட்டுறது சேர்? உங்களையோ?"

"என்னைத்தான் திட்டவேணும்."

அவள் திட்டவில்லை. போனை எடுத்து வாட்ஸ்அப்பில் ஒரு இலக்கத்தைத் தொட்டு என் கையில் தந்தாள். "நீங்களே சொல்லுங்கோ. எனக்கு முகம் இல்லை."

ஜெசிந்தா எடுத்தவுடன் "அக்கா!" என்றாள். நான்தான் என்று சொன்னதும் குரல் இறங்கியது. கட்டி வைத்த வசனம் ஒன்றும் வரவில்லை. பிழை என்னுடையது, சேர்வர் இருபது நிமிடம் முந்தி ஓடியது, நீ இரண்டு நிமிடத்தில் அறிவித்திருக்கிறாய், என்னை மன்னித்துக்கொள் பிள்ளை என்று உளறினேன். அங்காலே அகதி முகாமில் யாரோ தண்ணீர் வாளி இழுக்கும் சத்தம் கேட்டது.

"ரெண்டு நிமிஷமோ சேர்?"

"ஓம் பிள்ளை. ரெண்டே ரெண்டு நிமிஷம்."

அவள் விழுங்கினாள். நான் காத்திருந்தேன். இந்த முறை முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"அந்த ரெண்டு நிமிஷமும் நான் என்ன செய்தனான் சேர்?"

செய்தி காற்றில் வந்து திரையில் விழ நேரம் எடுக்கும், போன் மணி அடிக்க நேரம் எடுக்கும், இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அதை நான் சொல்லவில்லை. நான் சொல்லி அவள் நம்பியது போதாதா?

ரீற்றா போனைப் பறித்தாள். "எடியே, அழுது அழுது இடத்தைச் சொன்னனியாம். ஒரு பிழை இல்லாமல் ரெண்டு தரம் சொன்னனியாம். அதைத்தான்டி செய்தனி. கேக்குதோ? அதைத்தான் செய்தனி. வீட்டை வாடி."

"எப்பிடி அக்கா வாறது? பதிவில்லாமல் வந்தனான். இவை விடவேணும், அங்கை பிடிக்காமல் இருக்கவேணும்..."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். நான் வெளியே போய் மணலில் நின்றேன்.

என் கடிதத்தைப் பாதர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் வாசித்தார். நான் கேட்டுத்தான் வாசித்தார். சமாசமும் கடைசியில் எழுத்தில் திருத்தியது, அவளுடைய இடம் அவளுக்கே என்று முடிவெடுத்தது. நான் பொன்னாடை வாங்காமல் ஓய்வு பெற்றேன்.

உங்கள் படத்துக்கு வருகிறேன். நாலு சேர்வர் போடுங்கள். இரண்டு மாறுபட்டால் எது பிழை என்று தெரியாது. மூன்று இருந்தால் தெரியும், நாலு இருந்தால் ஒன்று விழுந்த நாளிலும் தெரியும். ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்திலிருந்து நேரம் எடுக்கட்டும், அந்தப் பச்சைக் கோட்டை அழியுங்கள். கையால் நேரம் வைத்த சேர்வரை யாரும் நம்பக்கூடாதபடி அடையாளம் போடுங்கள். ஒரு சேர்வர் தன் நேரத்தைத் திருத்தினால் அந்த வரி அறிக்கையின் முதல் பக்கத்தில் வரவேண்டும். அலாரம் கரைச்சல் தந்தால் ஏன் அடிக்கிறது என்று பாருங்கள், வாயைக் கட்டாதீர்கள். இவ்வளவும் உங்களுக்கு ஒரு கிழமை வேலை, என்னை விடக் கெட்டிக்காரர்கள் நீங்கள்.

மற்ற விஷயம்தான் கஷ்டம். ஜெசிந்தாவின் கடதாசி அலுவல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. வழக்கறிஞர், கிராம அலுவலர், அகதி முகாம் அதிகாரி என்று ரீற்றாவும் நானும் அலைகிறோம். எப்போது வருவாள் என்று சொல்லத் தெரியாது. வந்தால் உங்களோடுதான் வேலை செய்வாள். ரீற்றாவோடு போனில் கதைக்கும்போது இப்போதும் அந்த இரண்டு நிமிடத்தைத்தான் கேட்கிறாளாம். ஆகவே அந்த அறையில் அவளைத் தனியாக விடாதீர்கள். ஒரு படகிலிருந்து செய்தி விழுந்து, அவள் அறிவித்துவிட்டு, பொத்தானைத் தட்டிவிட்டு உங்களைத் திரும்பிப் பார்ப்பாள். அப்போது கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு, "ஓம் அக்கா, உடனே சொன்னனீங்கள், நான் பாத்தனான்" என்று சொல்லுங்கள்.